உடங்காட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

சங்கரன்கோவிலைத் தாண்டி மேற்கே நெற்கட்டும்செவல் பக்கம் போகிறவர்கள், காடு என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் இரண்டு பொருளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பருத்தியும் சோளமும் விளையும் வெட்ட வெளியும் நமக்குக் காடுதான். ஓடைக்கரையில் குடை விரித்தாற்போல் நெருங்கி நிற்கும் உடைமரக் கூட்டமும், அதாவது உடங்காடும், காடுதான். அதற்குப் பின்னால் நீலமாக மலை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் புலித்தேவரின் ஆட்கள் சண்டை போட்டது இந்த இரண்டு காடும் சந்திக்கிற விளிம்பில். அந்த விளிம்பைத்தான் நாலடிக்கு ஆறடிப் பலகையில் கொண்டுவர நாலு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

மேசைப் போர் விளையாட்டு தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழகாத ஒன்று. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்திப் படைத்தலைவர்களுக்குப் பயிற்சி தரும் முறையை முழு வடிவில் வெளியிட்டார். 1913இல் எச்.ஜி.வெல்ஸ் தன் ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் அதைத் தரைக்கு இறக்கி, ஈயச் சிப்பாய்களை வைத்து விளையாடும் விதிகளாக்கினார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய ‘வார் கேம்ஸ்’ அதைப் பெரியவர்களின் முறையான பொழுதுபோக்காக நிலைநிறுத்தியது. இதில் ஸ்கிர்மிஷ் என்பது ஒரு கிளை. பெரும்படை ஆட்டத்தில் ஒரு பொம்மை முப்பது, நாற்பது பேருக்குச் சமம். ஸ்கிர்மிஷில் ஒரு பொம்மை ஒரு ஆள். அவன் தவழ்ந்தால் அந்தப் பொம்மை தவழ்கிறது, அவன் செத்தால் அதை மேசையிலிருந்து எடுக்கிறோம்.

இதைத் தொடங்குகிறவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, பொம்மையின் அளவு. 6, 10, 15, 20, 28 மி.மீ. என்று விற்கிறார்கள். அது பொம்மையின் உயரம். காலடியிலிருந்து கண் வரைக்குமா, உச்சந்தலை வரைக்குமா என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. அதனால் ஒருவருடைய 28 இன்னொருவருடைய 28க்குப் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி போலத் தெரியும். கணக்குக்காக நான் 28ஐ 1:56 என்றும், 20ஐ 1:72 என்றும், 15ஐ 1:100 என்றும், 10ஐ 1:160 என்றும், 6ஐ 1:285 என்றும் வைத்துக்கொள்கிறேன். முன்னே பின்னே இருந்தாலும் முடிவு மாறாது.

முதலில் நானும் எல்லாரையும் போல 28தான் வாங்கினேன். உலகமெங்கும் ஸ்கிர்மிஷ் ஆடுகிறவர்களின் வழக்கமான அளவு அது. முகம் தெரியும், தலைப்பாகையின் மடிப்பு தெரியும். பன்னிரண்டு பேரை வர்ணம் பூசி முடித்த அன்று பெருமைக்கு அளவில்லை. உடைமரம் செய்து காடு வைத்து, ஆட்களை உள்ளே விட்ட பிறகுதான் தப்பு தெரிந்தது.

தறிப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர்தான் என்னோடு விளையாடுகிறவர். கையில் ஈட்டிக்காரனோடு கொஞ்ச நேரம் காட்டுக்கு வெளியே நின்றுவிட்டுக் கேட்டார்: “அண்ணாச்சி, இவ்வளவு நீட்டு ஈட்டிய வச்சிக்கிட்டு இவன் எப்படி உள்ள போவான்? மரம்லாம் சாயுதுல்லா.”

அவர் கேட்டது பொம்மையைப் பற்றி. ஆனால் அது புலித்தேவரின் ஆட்கள் சண்டை போட்ட 1755க்கும் பொருந்தும் கேள்வி. பாளையக்காரர் படையின் ஈட்டியைப் பதினெட்டு அடி என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்தரை மீட்டர். அதைத் தோளில் வைத்துக்கொண்டு முள்காட்டுக்குள் யாரும் திரும்பக்கூட முடியாது. அப்படியானால் அந்த ஆயுதம் காட்டுக்குள் நின்று போரிட உண்டானதல்ல. காட்டில் மறைந்திருந்து, விளிம்புக்கு வந்து, வெட்ட வெளியில் பாய்வதற்கு உண்டானது. துப்பாக்கி ஒருமுறை வெடித்துவிட்டு மருந்து கெட்டிக்கிற இடைவெளியில் போய்ச் சேர்வதற்கு. எந்த அளவு சரி என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் எனக்கு அன்றுதான் பிடிபட்டது. பொம்மையை அழகாகக் காட்டுகிற அளவு எதுவென்று பார்த்துப் பயனில்லை. அந்தப் பாய்ச்சல் முழுசாக மேசைக்குள் அடங்குகிற அளவு எதுவென்று பார்க்க வேண்டும்.

கணக்கைப் போடுவோம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1801 பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் இருந்தவர். 1830இல் வெளிவந்த தன் நினைவு நூலில், வளரி என்ற எறி ஆயுதத்தை வீசத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கை மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் சாட்சியம். நூறு கஜம் என்றால் ஏறத்தாழ 91 மீட்டர். அக்காலத்து மஸ்கட் துப்பாக்கியும் அந்தத் தூரத்தைத் தாண்டினால் குறி பார்த்துச் சுட ஆகாது. தேர்ந்த சிப்பாய்க்கு நிமிடத்துக்கு மூன்று வெடி, அதாவது ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே இருபது நொடி. அந்த இருபது நொடியில் கரிசலில் ஓடுகிறவன் எழுபது எண்பது மீட்டர் வந்துவிடுவான். வளரி, மஸ்கட், ஓட்டம் மூன்றும் ஏறத்தாழ ஒரே நீளத்துக்குள் அடங்குவதைக் கவனியுங்கள். அந்தச் சண்டையின் அடிப்படை முழம் இந்தத் தொண்ணூறு மீட்டர்தான்.

1:56இல் இது 163 செ.மீ. என் பலகையின் அகலம் 122. சிப்பாய்களை ஒரு ஓரத்தில் நிறுத்தினால் எதிர் ஓரத்தில் காடு வைக்கவே இடமில்லை, காடு பலகைக்கு வெளியே சுவருக்குள் போய்விடும். பலகை முழுவதுமே 68க்கு 102 மீட்டர்தான், ஒரு கால்பந்து மைதானத்தின் அளவு. 1:100இல் அதே தொண்ணூறு மீட்டர் 91 செ.மீ. மிச்சம் முப்பது செ.மீ. அகலத்தில் காடு நிற்கிறது. இந்தப் பக்கம் காடு, நடுவே வெளி, அந்தப் பக்கம் சிப்பாய் வரிசை. அளந்து வைத்தாற்போல உட்காருகிறது.

இதற்கு ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். பொம்மையின் அளவும் தரையின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை, தூரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம் என்பார்கள். 28 மி.மீ.க்கு எழுதப்பட்ட ‘போல்ட் ஆக்‌ஷன்’ விதிகளில் ரைஃபிள் 24 அங்குலம்தான் போகும். உண்மை அளவில் அது 34 மீட்டர். தெருச் சண்டைக்கோ வயல்வெளிக்கோ இந்தச் சுருக்கம் கண்ணை உறுத்தாது. காட்டில் உறுத்துகிறது, காரணம் மரம். பதினெட்டு மீட்டர்ப் பனை ஒன்றை 1:56இல் செய்தால் 32 செ.மீ. உயரம். மேசையில் இடம் போதாமல் வளரியின் எட்டத்தை 40 செ.மீ. என்று சுருக்கினால், பனையின் உயரமும் வளரி போகும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. பனங்காட்டைப் பார்த்து வளர்ந்தவன் இதை ஏற்க மாட்டான். நூறு கஜம் எறிகிற கையை ஒரு பனை நீளத்துக்குள் அடைத்துவிட்டு, இது வளரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1:100இல் பனை 18 செ.மீ., எறி 91 செ.மீ. ஐந்து பனை தூரம். நிலத்திலும் அது ஐந்து பனை தூரம்தான்.

28க்கு ஆதரவாக இதைவிடப் பலமான வாதம் ஒன்று உண்டு. அடர்ந்த காட்டில் இருபது முப்பது மீட்டருக்கு மேல் கண்ணே போகாது. அப்படியிருக்க நூறு கஜ எட்டத்தால் என்ன லாபம்? கால்பந்து மைதானம் அளவு நிலம் தாராளம்தானே? இது நியாயமான வாதம். 1943, 1944இல் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிந்திட் படை பர்மாவில் மூங்கில் காட்டுக்குள் ஜப்பானியரோடு மோதியதை ஆட வேண்டுமென்றால் நானும் 28தான் எடுப்பேன். அங்கே ஆளை ஆள் முட்டிக்கொள்கிற தூரத்தில்தான் சண்டை. முகம் தெரிகிற பொம்மை அங்கே அர்த்தமுள்ளது. வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையேறி, மேலே பசுமைக்காட்டுக்குள் சண்டையைக் கொண்டுபோனாலும் அப்படியே.

ஆனால் உடங்காடு அந்தக் காடு அல்ல. குடை உடை ஐந்து மீட்டர் உயரம் வளரும். மேலே தட்டையாகப் பரந்த முள் விதானம், கீழே ஆள் குனிந்து நகர இடம். தண்ணீர் இருக்கிற ஓடைக்கரையில் திட்டுத் திட்டாக நிற்கும், நடுவே திறந்த கரிசல். விதானத்துக்குக் கீழே பார்வை கொஞ்சம் போகும், மேலிருந்து பார்க்கிறவனுக்கு உள்ளே இருப்பவன் தெரியமாட்டான். எனவே நம் ஊர்க் காட்டுச் சண்டையில் அடர்த்தியைவிடத் திட்டும் திறப்பும்தான் முக்கியம். ஒரு மேசையில் குறைந்தது மூன்று திட்டுகளும் இரண்டு திறப்புகளும் வேண்டும். எந்தத் திட்டிலிருந்து ஆள் வரப்போகிறான் என்று எதிரிக்குத் தெரியாமல் இருப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. 1:56இல் ஒரு திட்டும் ஒரு திறப்பும் வைத்ததும் பலகை தீர்ந்துவிடுகிறது. காட்டுப்போர் என்று பொதுவாகச் சொல்லி ஒரே அளவைச் சிபாரிசு செய்கிறவர்கள், எந்தக் காடு என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

காடு என்றதும் இன்னொன்று. பலகையில் சீமைக் கருவேலம் வைத்துவிடாதீர்கள். இன்று தென் மாவட்டங்களில் எங்கே பார்த்தாலும் அதுதான் என்பதால் கை தானாக அதைச் செய்யப் போகும். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே கொண்டுவரப்பட்ட மரம். புலித்தேவர் அதைப் பார்த்ததில்லை. சிப்பாய்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 1801இன் சீருடையை 1755இன் சிப்பாய்க்கு மாட்டக் கூடாது.

மறுபக்கம் போவோம். சிறிய அளவுகள் இடப் பிரச்சினையை அடியோடு தீர்த்துவிடுகின்றன. 6 மி.மீ.யில் என் பலகை 350க்கு 520 மீட்டர் நிலம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஏறக்குறைய 500க்கு 300 அடி, அதைச் சுற்றிலும் முள்வேலியோடு முழுசாக 53 செ.மீ. நீளத்தில் வைத்துவிடலாம். வேறு எந்த அளவிலும் இது நிறைவாக அமையாது. ஆனால் வளரி அங்கே ஒன்றரை மி.மீ. ஆகிவிடுகிறது. கண்ணில் படாத ஆயுதத்தை விதிப் புத்தகத்தில் எழுதி வைத்து என்ன பயன்? எதிரில் இருப்பவன் கையில் வளரியா மஸ்கட்டா ஈட்டியா என்று ஒரு கை தூரத்திலிருந்து தெரிய வேண்டும். ஸ்கிர்மிஷ் ஆட்டத்தில் ஒவ்வொரு முடிவும் அதை வைத்துத்தான். 6 இதில் தோற்கிறது. 10இல் வளரி மூன்று மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. இருக்கிறதென்று தெரிந்தவனுக்குத் தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. அதையும் தள்ளினேன்.

15இல் வளரி நாலரை மி.மீ. ஒரு பக்கம் பெருத்த பிறை வடிவம் என்பது தெரிகிறது. செம்புக் கம்பியை ஒரு அரிசி நீளத்துக்கும் குறைவாக வெட்டி, ஒரு முனையைக் குறட்டால் நசுக்கி, வளைத்து ஒட்டினேன். நசுக்கின முனை அகன்று வருவதால் எடை கூடிய பக்கம் எதுவென்று பார்வைக்கே புலப்படுகிறது. ஈட்டிதான் இந்த அளவில் கிடைத்த எதிர்பாராத பரிசு. 28இல் பத்து செ.மீ. நீளத்துக்குத் தென்னை ஈர்க்குதான் வாய்த்தது. அது தடித்துப்போய் உலக்கை மாதிரி இருந்தது, கொஞ்சம் அழுத்தினால் கையோடு பிய்ந்துவந்தது. 15இல் ஈட்டிக்கு வேண்டியது ஐந்தரை செ.மீ. நீளமும் அரை மி.மீ. தடிமனும். நல்ல தையல் ஊசி அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. காதை ஒடித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கைக்குள் விட்டு ஒட்டினால், கூர்முனை ஈட்டிமுனையாகவே நிற்கிறது. வர்ணம் அடித்த பிறகு கூரைக் கொஞ்சம் மழுக்கிவிடுவது நல்லது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கட்டாயம் மழுக்க வேண்டும்.

20 மி.மீ.யைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது. ஏர்ஃபிக்ஸ் காலத்திலிருந்தே 1:72 பிளாஸ்டிக் சிப்பாய்கள் மற்றவற்றைவிட மலிவு. ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது பேர். முகமும் ஓரளவு தெரியும், கையும் அளவாக இருக்கும். 28இல் பல தயாரிப்பாளர்கள் செய்வதுபோல் தலையையும் கையையும் ஊதிப் பெரிதாக்குவது இதில் குறைவு. கொலுப் பொம்மைக்குத் தலை பெருத்திருந்தால் அழகு, ஈட்டிக்காரனுக்கு அழகல்ல. ஆனால் தொண்ணூறு மீட்டர் இங்கே 127 செ.மீ. ஐந்து செ.மீ.யில் பலகையை மீறுகிறது, காட்டுக்கு மிச்சமே இல்லை. நீளவாட்டில் ஆடலாம், ஆடியும் பார்த்தேன். அப்போது இரண்டு ஓரங்களும் குறுகிப்போய் ஆட்டம் நெடுஞ்சாலை மாதிரி ஒரே திசையில் ஓடியது. பக்கவாட்டில் சுற்றிவர இடமில்லாத காட்டுப்போர் காட்டுப்போரே அல்ல. இன்னொரு குறை பிளாஸ்டிக்கில் இருந்தது. அந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் ஒட்டுப் பிடிக்காது, வர்ணம் செதிலாக உரியும். பாளையக்காரர் ஆட்களை எப்படியும் வேறு பொம்மையை வெட்டி ஒட்டித்தான் உருவாக்க வேண்டும் என்பதால் இது சின்னக் குறையல்ல. ஐந்துக்கு எட்டு அடி மேசை போட இடமுள்ள வீட்டுக்காரருக்கு என் தீர்ப்பு 20 பக்கம் சாய்ந்திருக்கக்கூடும். என் கூடத்தில் அதற்கு இடமில்லை. நம்மூரில் பெரும்பாலான வீடுகளில் இருக்காது.

15க்கு எதிரான கணக்கையும் மறைக்கக் கூடாது. பலகையின் மூன்றில் ஒரு பங்கு உடங்காடு என்று வைத்தால், 28க்கு அறுபது மரம் போதும். 15க்கு அதே பரப்பை மூட மூன்று மடங்கு வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்தான் விதானம். இரண்டு அளவுக்கும் நார் ஒரே அளவுதான் செலவாகும், உழைப்பு மூன்று மடங்கு. நாரை ஏழு செ.மீ. அகலத்துக்குக் கத்தரித்து, விரலால் பிய்த்து மெலிதாக்கி, முறுக்கின கம்பித் தூரில் குத்தி, ஐந்து ஐந்தாக ஒரு அட்டையில் நட்டேன். அட்டையோடு தூக்கிவிட்டு ஆளை வைக்கலாம், மறுபடி மூடலாம். 28இல் விதானத்துக்குக் கீழே விரல் நுழையும் என்பது அதன் சாதகம் என்று நினைத்திருந்தேன். நடைமுறையில் நுழைகிற விரல் இரண்டு மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் வந்தது. தரைக்கு உண்மைக் கரிசலையே டீ வடிகட்டியில் சலித்து ஃபெவிகாலில் தூவினேன். அடியில் ஹார்டுவேர் கடை வாஷர் ஒட்டினால் பொம்மை சாயாது.

இன்னொரு எதிர்வாதம் என்னை அதிக நாள் தூங்கவிடாமல் வைத்தது. நெற்கட்டும்செவல் மக்கள் நினைவில் வாழ்வது படை எண்ணிக்கை அல்ல, ஆட்கள். ஒண்டிவீரன் தன்னந்தனியாக இரவில் எதிரி முகாமுக்குள் போனார் என்பதும், அங்கே மறைந்து கிடந்தபோது கையில் முளை அறையப்பட்டும் குரல் எழுப்பாமல் கையையே வெட்டிக்கொண்டு வந்தார் என்பதும் இன்றும் சொல்லப்படுகிற வரலாறு. வயிறு கிழிந்த பிறகும் குடலைத் தலைப்பாகையால் கட்டிக்கொண்டு போரிட்டார் என்று வெண்ணிக் காலாடியைச் சொல்கிறார்கள். சங்கரன்கோவில் கோயிலுக்குள் புலித்தேவர் மறைந்துபோன கதையைக் கேட்காமல் இந்த ஊரில் யாரும் வளர்வதில்லை. இப்படிப் பெயரோடு நிற்கிறவர்களை முகம் தெரியாத பதினைந்து மி.மீ.க்குள் குறுக்குவது மரியாதையா?

யோசித்துப் பார்த்து, இது இரண்டு வேறு ஆட்டம் என்ற இடத்துக்கு வந்தேன். ஒண்டிவீரனின் இரவு காட்டுப்போர் அல்ல, முகாமுக்குள் நடப்பது. இரண்டடிச் சதுரப் பலகையே 1:56இல் 34 மீட்டர் நிலம். நாலு கூடாரம், குதிரை லாயம், காவல்காரர்கள் ஆறு பேர் அதில் இயல்பாக அடங்குகிறார்கள். எட்டம் அங்கே பொருட்டே இல்லை, வளரி எறிய வேண்டியதில்லை. அதற்கு 28ஐத் தவிர வேறு எதுவும் சரிவராது. அந்தப் பன்னிரண்டு பேரை நான் வீணாக வாங்கவில்லை. ஆனால் ஈட்டிக்காரர்கள் திட்டிலிருந்து திட்டுக்குப் பாய்கிற ஆட்டத்தில் முகம் தேவைப்படவில்லை. தலைப்பாகை நிறத்தை மாற்றியே யார் யார் என்று இரண்டு பக்கமும் கண்டுகொள்கிறோம். உண்மைக் காட்டிலும் எண்பது மீட்டருக்கு அப்பால் அப்படித்தான் அடையாளம் கண்டிருப்பார்கள்.

மருது சகோதரர்களின் காளையார்கோவில் காட்டுக்கு இந்தத் தீர்ப்பு செல்லுமா என்று நண்பர் கேட்டார். செல்லாது. 1801 ஜூலை 31 அன்று கம்பெனிப் படைத்தலைவர் அக்னியூ சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிச் சாலை போடத் தொடங்கி, ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் விட்டுவிட்டார். பிறகு அக்டோபர் 1 அன்று பல திசைகளிலிருந்தும் சூழ்ந்துதான் காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அந்த மாதத்தின் போர் நாளுக்குச் சில நூறு கஜம் என்று நகர்ந்த போர். ஆளுக்கு ஒரு பொம்மை வைத்து அதைக் காட்ட முடியாது. அதற்கு 6 மி.மீ.யும் வரைபடமும்தான் வழி. அங்கே வளரி தெரியாமல் போவதை ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் அங்கே பாத்திரம் காடுதான், ஆள் அல்ல.

ஆக, நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் பக்கத்து உடங்காட்டுச் சண்டையை, 1755இல் கம்பெனியின் கர்னல் ஹெரான் திரும்பிப் போனதிலிருந்து 1761இல் கம்பெனித் தளபதி யூசுப்கான் புலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தது வரை, நாலுக்கு ஆறு பலகையில் ஆட நினைக்கிறவருக்கு 15 மி.மீ.தான் சரி. தனித்தனி அடித்தட்டில், தரையளவும் பொம்மையளவும் ஒன்றாக, சுருக்காமல். பாளையக்காரர் பக்கம் நாற்பது பேர், அதில் பாதி ஈட்டி, பத்து வளரி, மீதி துப்பாக்கி. எதிரே இருபத்தைந்து சிப்பாய்கள். வாங்குவதற்கு முன் மரத்தைச் செய்யுங்கள். இருபது உடையும் ஐந்து பனையும் பலகையில் நிறுத்தி, இஞ்சு டேப்பை விரித்து 91 செ.மீ. தள்ளி ஒரு விரலை வைத்துப் பாருங்கள். நான் அதைச் செய்துவிட்டு வாங்கியிருந்தால் இரண்டு வருடமும் பன்னிரண்டு ஈர்க்கு ஈட்டிகளும் மிச்சமாகியிருக்கும்.

போன மாதம் ஆடிய ஆட்டத்தில் நண்பரின் ஈட்டிக்காரர்கள் ஒன்பது பேர் நடுத்திட்டிலிருந்து கிளம்பினார்கள். என் சிப்பாய்கள் அறுபது செ.மீ.யில் சுட்டார்கள், மூன்று பேர் விழுந்தார்கள். மருந்து கெட்டித்து முடிப்பதற்குள் மிச்சம் ஆறு ஊசியும் வரிசைக்குள் வந்துவிட்டன.